குமிழி நிற்கும்வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே காலுக்கு, மெரின் பூசைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"மெரினு, வண்டி கொதிச்சிடுச்சி. பானட்டுக்குள்ளேர்ந்து புஸ்ஸுனு ஆவி வருது. எனக்கு இன்னா பண்றதுன்னே தெரியல."

பேசியது தனக்கொடி. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குக் கொடுப்பவள். ஐம்பத்தொரு வயது. தினமும் விடியலில் பிள்ளைச்சாவடியிலிருந்து வந்து போகிறவள். நாற்பது நாளுக்கு முன்னால்தான், மூன்றாவது தடவை போய், கார் ஓட்டும் லைசென்ஸ் வாங்கியிருந்தாள்.

"எங்கக்கா நிக்கிறீங்க?"

"ஆர்பருக்குள்ளதான். மீன் பெட்டிங்கள எறக்கி வெச்சிட்டு கெளம்பலாம்னு வந்தேன். கேட்டத் தாண்டல இன்னும்."

"இன்ஜின ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

"மூடி எதையும் தொறக்காதீங்க. வேற யாரையும் தொறக்க விடாதீங்க, ஆவி மூஞ்சில அடிச்சிடும். தோ வந்துட்டேன்."

டூல்ஸ் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் கேன்கள் இரண்டைப் பின்சீட்டில் கட்டினாள். அவள் அம்மா ரோசா ஜெபமாலையும் கையுமாக வெளியே வந்து பார்த்தாள்.

"பூசைக்குப் போட்ட துணியோட கிரீஸ்ல போயி உருளப் போறியா?"

"சாயங்காலப் பூசைக்குப் போறேம்மா. அமுதாவுக்கு இன்னைக்கு ஃபைனல்."

அதற்கு மேல் ரோசா ஒன்றும் கேட்கவில்லை. தனக்கொடியின் மகள் அமுதவல்லி புதுச்சேரி பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாள் என்பதும், இறுதிப் போட்டி காரைக்காலில் மாலை மூன்றரைக்கு என்பதும் அவளுக்கும் தெரியும். தனக்கொடிதான் ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளே. மகள் ஏழாவது படிக்கும்போதிருந்து பந்து ஆடுகிறாள். ஒரு பெரிய ஆட்டத்தைக்கூடத் தாய் பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் ஏலம், இல்லாவிட்டால் மீனை ஓட்டல்களில் சேர்க்கும் வேலை. இந்த முறை இரண்டு நாள் லீவு என்று எல்லா ஓட்டல்களுக்கும் சொல்லிவிட்டாள். புருஷன் புருஷோத்தமன் கடலுக்குப் போயிருந்தான், வர இன்னும் நாலு நாளாகும். "அப்போ எப்படிம்மா வருவ?" என்று மகள் கேட்டதற்கு, "நானே கார ஓட்டினு வரேன்" என்று சொல்லியிருந்தாள். மகள் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிச்சா பாரு, அதுக்காவே ஓட்டினு போவணும்" என்று தனக்கொடி மெரினிடம் சொல்லியிருந்தாள்.

நெல்லித்தோப்பிலிருந்து மரப்பாலம் வழியாக ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போகும்போது மெரினுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு முன்னால் நெல்லித்தோப்பில் சொந்தமாக ஷெட் போட்டவள். தனக்கொடி மூன்று வாரத்துக்கு முன்னால் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் காட்டியதாகவும், 'ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், பத்து நாள் ஆகும்' என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். ஒரு நாள் முழுக்க வண்டியை விட்டுவிட்டுப் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றாள் மெரின். "ஃபைனல் முடியட்டும், வுடறேன்" என்று தனக்கொடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தினமும் காலையில் ரேடியேட்டரில் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே சாவியைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்து கூடைகள் கலைந்துகொண்டிருந்தன. ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் கார் நின்றது. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். தனக்கொடி புதுச் சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, பானட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காவல் நின்றாள்.

"யாரையும் தொறக்க வுடல" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"நல்ல வேலை பண்ணீங்க. எத்தினி மணிக்குக் கெளம்பினா போதும்?"

"ஒம்போது மணிக்குப் போவலாம்னு இருந்தேன். பன்னண்டுக்குள்ளயாவது கெளம்பணும். இல்லன்னா பதினொன்ற பஸ்ஸு. அத வுட்டா ஆட்டத்தப் பாக்க முடியாது."

மெரின் மணி பார்த்தாள். ஏழே முக்கால். இன்ஜின் ஆறுவதற்கே அரை மணி நேரம் போய்விடும். அந்த நேரத்தையும் வீணாக்கக்கூடாது. முதலில் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தாள். இன்ஜினுக்குள் தண்ணீரை மறிக்கும் கேஸ்கெட் கிழிந்து தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ஆயில் மூடியின் உள்பக்கமும் அப்படியே.

"காலையில ஸ்டார்ட் பண்ணும்போது சைலன்சர்ல வெள்ளையா பொகை வருதாக்கா?"

"இல்லியே."

மெரினுக்கு நம்பிக்கை வந்தது. ஹெட் கேஸ்கெட் போன வண்டி இப்படி இருக்காது. ஆனால் இரண்டு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லிவிட முடியாது.

இன்ஜின் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் துணியால் மூடி மெல்லத் திறந்தாள். உள்ளே தண்ணீரே தெரியவில்லை. மூன்று லிட்டர் ஊற்றிய பிறகுதான் நிரம்பியது. மூடி இருந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்தினாள். சைக்கிள் பம்ப் போலத்தான் இருக்கும், மேலே ஒரு மீட்டர். காற்றடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முள் அப்படியே நின்றால் எங்கும் ஒழுகவில்லை. முள் இறங்கினால் எங்கோ ஓட்டை.

முள் இறங்கியது. வேகமாக இல்லை. ஆனால் நிற்காமல் இறங்கியது.

மெரின் பூசைக்குப் போட்ட சுடிதாரோடு காருக்கடியில் படுத்தாள். டார்ச் அடித்து ஒவ்வொரு ஹோஸாக, ஒவ்வொரு கிளிப்பாகத் தடவினாள். வாட்டர் பம்புக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தது.

"ஒரு சொட்டு கூட இல்ல பாரு" என்றது ஒரு குரல். கிறிஸ்துதாஸ். துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். நாற்பது வயது, உரத்த பேச்சு. "கீழயும் ஒழுகல, மேலயும் ஒழுகல. அப்புறம் தண்ணி எங்க போவுது? இன்ஜின் குடிக்குது. அந்த ஒர்க்ஷாப்புக்காரன் சொன்னது கரெக்டு. கேஸ்கெட்டுதான்."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். தனக்கொடியின் முகம் சுருங்கியது.

மெரின் எழுந்து முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் தலையை விட்டாள். மீன் பெட்டி ஏற்றுகிற வண்டி, கேட்க வேண்டுமா? குப்பென்று கவிச்சி. ஆனால் அதற்கடியில் இன்னொரு வாசனை இருந்தது. கொஞ்சம் இனிப்பாக, காய்ச்சின வெல்லம் போல. மண்டி போட்டுக் கால் வைக்கிற மிதியடியைத் தூக்கி, அடியிலிருந்த கம்பளத்தை அழுத்தினாள். விரலிடுக்கில் பச்சையாக ஈரம் கசிந்தது.

"அக்கா!" என்று கத்தினாள். "இங்க ஈரம் எத்தினி நாளா இருக்குது?"

"அது ஒரு மாசமா இருக்கு. ஐஸ் தண்ணின்னு நெனச்சேன். பெட்டி ஒழுகுமில்ல."

"கண்ணாடி உள்பக்கம் பிசுபிசுன்னு மூடுதா?"

"ஆமா! தொடச்சா கூடப் போவாது. மீனு எண்ணைன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்!"

மெரின் விரலைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "மீனும் இல்ல ஐசும் இல்ல. கூலன்ட்டு. ஹீட்டர் கோர் ஒழுகுது. கிறிஸ்துதாஸ் அண்ணே, வந்து மோந்து பாருங்க. தண்ணிய இன்ஜின் குடிக்கல, கம்பளம் குடிக்குது!"

கிறிஸ்துதாஸ் குனிந்து முகர்ந்தார். மறுபடி ஒரு தரம் முகர்ந்தார். "இது எங்க இருக்கு அந்தக் கோரு?" என்றார், குரலை இறக்கி.

டேஷ்போர்டுக்குப் பின்னால், கையளவு ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினிலிருந்து சுடுதண்ணீர் ஒரு ஹோஸில் அதற்குள் போய் இன்னொரு ஹோஸில் திரும்பி வரும். குளிர் நாட்டில் காருக்குள் சூடு வேண்டும்போது அதன் வழியாகக் காற்று அடிக்கும். இங்கே அதை யாரும் போடுவதில்லை. போடாவிட்டாலும் தண்ணீர் அதன் வழியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது பொத்தலானால் வெளியே ஒரு சொட்டுத் தெரியாது.

"மாத்தணும்னா டேஷ்போர்டு முழுக்கக் கழட்டணும். ரெண்டு நாள் வேலை" என்றாள் மெரின்.

"ரெண்டு நாளா!" தனக்கொடி பானட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"இருங்கக்கா. இன்னைக்கு மாத்த வேண்டாம். பாண்டிச்சேரில யாருக்கு ஹீட்டர் வேணும்? உள்ள போற ஹோஸையும் வெளிய வர்ற ஹோஸையும் கழட்டி ரெண்டையும் நேராச் சேத்துட்டா, கோர் பக்கமே தண்ணி போவாது. இன்ஜினுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா சேக்கறதுக்கு வளைஞ்ச பைப்பு ஒண்ணு வேணும். விரல் மொத்தத்துல. ஞாயித்துக்கெழமை, கடையெல்லாம் மூடியிருக்கும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கிறிஸ்துதாஸ் நடக்கத் தொடங்கியிருந்தார். ஐந்து நிமிஷத்தில் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, தரையில் கவிழ்த்தார். படகு இன்ஜினின் பித்தளைச் சாமான்கள் கலகலவென்று உருண்டன. கூட்டமே குந்தி உட்கார்ந்து தேடியது. ஒன்று தடிமன், ஒன்று ஒல்லி, ஒன்று விரிசல். கடைசியில் மீன் அரிகிற ஆயம்மா ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது ஆவுமா பாரு." குதிரை லாடம் போல வளைந்த பித்தளைக் குழாய். மெரின் அதை ஹோஸுக்குள் திருகினாள். இறுக்கமாக, அளவெடுத்தாற்போல் போய் உட்கார்ந்தது.

"ஆவுது! ஆவுது!"

கை எட்டாத இடத்தில் இருந்த இரண்டு பழைய கிளிப்புகளைக் கழற்றுவதற்குத்தான் நேரம் எடுத்தது. ஒன்று துருவேறி உடைந்து உள்ளே விழுந்துவிட, கிறிஸ்துதாஸ் காந்தம் கட்டிய கம்பியை விட்டு அதை மீன் பிடிப்பதுபோல் வெளியே எடுத்தார். மறுபடி கைப்பம்பைப் போட்டுக் காற்றடித்தார்கள். இந்த முறை எல்லாரும் மீட்டரைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிஷம். முள் அசையவில்லை.

யாரோ விசில் அடித்தார்கள். தனக்கொடி மெரினின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். மணி பத்தேகால்.

பழைய துருத் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் ஊற்றி நிரப்பி, வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். இன்ஜின் சீராக ஓடியது. தனக்கொடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "கால்வாசி... அரைவாசி வந்துடுச்சி... மெரினு, அரைவாசியத் தாண்டுது. தாண்டினு போவுது மெரினு!"

"ஆஃப் பண்ணுங்க!"

சத்தம் நின்றது. வலைக் குவியலின் மேல் காக்கைகள் கத்துவது மட்டும் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் கிறிஸ்துதாஸ். ஆனால் அவர் முகத்தில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. "கோரும் போயிருக்கு, கேஸ்கெட்டும் போயிருக்கு."

யாரோ ஒருவன் ஐஸ் உடைத்த கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "இன்ஜின் மேல கொட்டிடலாமா? சட்டுனு ஆறிடும்."

"வேணாம்!" மெரின் குறுக்கே பாய்ந்து கூடையைப் பிடித்தாள். "சூட்டுல ஐஸ் பட்டா இன்ஜின் ஹெட்டு வெடிச்சிடும். அப்புறம் நெசமாவே இன்ஜின எறக்கணும். ஏலக் கொட்டகை ஃபேன் இருக்குதில்ல, அதக் கொண்டாங்க."

ஆள் உயர ஃபேன் வந்து காருக்கு முன்னால் நின்று இரைந்தது. அந்தக் காற்றில் மெரின் யோசித்துக்கொண்டு நின்றாள். ரேடியேட்டருக்கு மேலே போகும் ஹோஸைத் துணியோடு பிடித்துப் பார்த்தாள், கொதித்தது. கீழே இருக்கிற ஹோஸைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. அப்படியென்றால் சுடுதண்ணீர் சுற்றி வரவே இல்லை. வழியில் ஏதோ அடைத்து நிற்கிறது.

அடைத்து நிற்பது காற்றாக இருக்கலாம். மொத்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியிருக்கிறார்கள். வளைத்துப் போட்ட பித்தளைக் குழாய்தான் இன்ஜினிலேயே உயரமான இடம். உள்ளே மாட்டின காற்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் தண்ணீரை நகரவிடாது.

அல்லது கிறிஸ்துதாஸ் சொல்வது போல, கேஸ்கெட் கிழிந்து இன்ஜின் புகையே தண்ணீருக்குள் வந்துகொண்டிருக்கலாம். இரண்டுக்கும் அடையாளம் ஒன்றுதான். குமிழி.

"அக்கா, ஒண்ணு செய்யலாம்" என்றாள். "ஏர் லாக்கா கேஸ்கெட்டான்னு இப்பவே தெரிஞ்சிடும். வண்டி மூக்கத் தூக்கி நிறுத்தி, மூடியத் தொறந்துவெச்சி ஓட விடணும். அப்போ ரேடியேட்டர் வாய்தான் எல்லாத்துக்கும் மேல இருக்கும். உள்ள இருக்கிற காத்து குமிழி குமிழியா அங்கதான் வந்தாவணும். மாட்டின காத்துன்னா கொஞ்ச நேரத்துல தீந்துடும், குமிழி நின்னுடும். கேஸ்கெட்டுன்னா நிக்கவே நிக்காது, வண்டி ஓடற வரைக்கும் வந்துனே இருக்கும். ஆனா நல்ல சரிவா ஒரு எடம் வேணும். ஜாக்கி போட்டுத் தூக்கற ஒசரம் பத்தாது."

"சரிவா?" தனக்கொடி நிமிர்ந்தாள். "படகு ஏத்தற சரிவு இருக்கே!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழுது பார்க்கப் படகுகளைத் தண்ணீரிலிருந்து இழுத்து ஏற்றுகிற சிமென்ட் சரிவு, ஐம்பதடி தள்ளித்தான் இருந்தது. ஒரு முனையில் தரை. மறு முனை கழிமுகத் தண்ணீருக்குள் இறங்கியது. காரின் மூக்கு மேலே இருக்க வேண்டுமென்றால், பின்பக்கமாகத் தண்ணீரை நோக்கி இறக்க வேண்டும்.

"வழுக்கிச்சின்னா கார் கடலுக்குத்தான் போவும்" என்றான் ஒருவன்.

"ரெண்டு டன்னு படக இழுக்கிற கை நம்புளுது. இதுக்கு இன்னா?" என்றார் கிறிஸ்துதாஸ். எங்கிருந்தோ கைமுட்டி கனத்தில் வடக்கயிறு வந்தது. காரின் முன்கொக்கியில் கட்டினார்கள். எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்துக் குதிகாலை ஊன்றினார்கள். இரண்டு பேர் மரக்கட்டையோடு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தார்கள்.

"ஸ்டியரிங்குல யார் உக்காருவா?" என்றார் கிறிஸ்துதாஸ்.

"என் வண்டி. நான்தான்" என்று தனக்கொடி ஏறினாள்.

"அக்கா, இன்ஜின் ஓடாதப்போ பிரேக் கல்லு மாதிரி இருக்கும். ரெண்டு காலாலயும் மிதிங்க. நான் சொல்லும்போது மட்டும் லேசா விடுங்க."

கார் பின்னால் நகர்ந்தது. பின்சக்கரம் சரிவில் இறங்கியதும் கயிறு விண்ணென்று விறைத்தது. "ஏலோ... ஐலசா... ஐலசா..." படகை ஏற்றப் பாடுகிறவர்கள் இப்போது காரை இறக்கப் பாடினார்கள். பாசி படிந்த இடத்தில் ஒரு சக்கரம் சர்ரென்று வழுக்க, கூட்டம் முழுக்க "ஏய்!" என்று அலறியது. தனக்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரேக்கின் மேல் எழுந்தே நின்றுவிட்டாள். கட்டைகள் சக்கரத்துக்கு அடியில் போயின. கார் நின்றது. மூக்கு வானத்தைப் பார்த்தது. பின்பம்பருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஆறடிதான் இருக்கும்.

மணி பதினொன்று.

ரேடியேட்டர் கை வைக்கும் சூட்டுக்கு வந்திருந்தது. மெரின் மூடியைத் திறந்து, வெட்டிய தண்ணீர் பாட்டிலைப் புனலாகச் சொருகி, அதில் பாதிக்குக் கூலன்ட் ஊற்றினாள். "ஸ்டார்ட் பண்ணுங்கக்கா! கை பிரேக் போட்டு நியூட்ரல்ல வையுங்க. ஆக்சிலேட்டர லேசா அமுக்கி வெச்சிருங்க."

இன்ஜின் முனகி உயிர் பெற்றது. மெரின் வளைந்த குழாய்க்குப் போகும் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி அமுக்கினாள்.

குபுக்.

புனலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழி வந்து உடைந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் வரிசையாக, சோறு கொதிப்பதுபோல. திடீரென்று புனலிலிருந்த கூலன்ட் மொத்தமும் ஒரே மடக்கில் உள்ளே போயிற்று.

"குடிக்குது! ஊத்துங்கண்ணே, ஊத்துங்க!"

கிறிஸ்துதாஸ் கேனைக் கவிழ்த்தார். சரிவின் இரண்டு பக்கமும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆயம்மா மீன் கத்தியோடு நின்றுகொண்டு குமிழியை எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியும் குமிழி குறையவில்லை.

மணி பதினொன்றேகால். கேட் பக்கமிருந்து ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் போக, முன்னெச்சரிக்கையாகத் தனக்கொடியே வரச் சொல்லியிருந்த ஆட்டோ. இப்போது ஏறினால்தான் பதினொன்றரை பஸ்ஸைப் பிடிக்க முடியும்.

மெரின் டிரைவர் ஜன்னலுக்கு ஓடினாள். தனக்கொடியின் நெற்றி வேர்த்து, பொட்டு கரைந்திருந்தது. மெரினுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன். என் மனசுக்கு ஏர் லாக்குன்னுதான் படுது. ஆனா குமிழி இன்னும் நிக்கல. ஆட்டோல போறதுன்னா போயிடுங்க. ஆட்டம்தான் முக்கியம்."

தனக்கொடி அவளைப் பார்த்தாள். "அந்தப் பெரிய கடையில பானட்டத் தூக்கி ரெண்டு நிமிஷம் பாத்துட்டு கேஸ்கெட்டுன்னான். நீ என் வண்டிக்குள்ள மண்டி போட்டு மோந்து பாத்த. நான் ஏலத்துல மீன மோந்துதான் வாங்குவேன்." ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள். "ஏய், அந்த ஆட்டோவப் போவச் சொல்லுங்கப்பா!"

மெரின் ஓடிப் போய் மறுபடி ஹோஸைப் பிடித்தாள்.

அறுபது. எழுபது. குமிழிகள் சிறுத்தன. நெல்லிக்காய் அளவு, பிறகு மிளகு அளவு. மெரின் கீழ் ஹோஸைத் தொட்டாள். ஜில்லென்றிருந்த அது இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. அடுத்த நிமிஷம் சூடாகிவிட்டது. காருக்கு முன்னால் கும்மென்று ஒரு சத்தம் எழ, எல்லாரும் பின்வாங்கினார்கள்.

"இன்னா அது?"

"ரேடியேட்டர் ஃபேன்!" மெரின் குதித்தாள். "ஃபேன் சுத்துது! தண்ணி சுத்தி வருது! முள்ளு எங்கக்கா நிக்குது?"

"நடுவுல! நடுவுலயே நிக்குது!"

"ஆயம்மா, எத்தினி?"

"எம்பத்தி மூணு. அதுக்கப்புறம் வரல."

எல்லாரும் புனலைப் பார்த்தார்கள். பச்சை நிறக் கூலன்ட் அசையாமல் நின்றது. அரை நிமிஷம் கழித்து அடியிலிருந்து ஒரு பெரிய குமிழி மெதுவாக ஏறி வந்தது. கிறிஸ்துதாஸ் பல்லைக் கடித்தார். அது உடைந்தது. அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தார்கள். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். வரவில்லை. ஐந்தாவது நிமிஷமும் கூலன்ட் கண்ணாடி போல நின்றது.

"நின்னுடுச்சி!" என்று முதலில் கத்தியது கிறிஸ்துதாஸ்தான். "கேஸ்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல! நின்னுடுச்சிடா!"

சரிவெங்கும் கூச்சல். வடக்கயிற்றைப் பிடித்திருந்த எட்டுப் பேரும் யாரும் சொல்லாமலே இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மெரின் மூடியை மாட்டித் திருகுவதற்குள் தனக்கொடி கை பிரேக்கை விட, கார் மேலே ஏறத் தொடங்கியது. துறைமுகத்துக்குள்ளேயே நாலு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். முள் நடுவை விட்டு அசையவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குக் கார் கேட்டைத் தாண்டியது. ஸ்டியரிங்கில் தனக்கொடி. பக்கத்தில், கிரீஸ் அப்பிய சுடிதாரோடு மெரின், மடியில் மிச்சமிருந்த கூலன்ட் கேன். போகிற வழியில் ஏதாவது ஆனால் என்ன செய்வது என்று அவளே ஏறி உட்கார்ந்துவிட்டாள். ரோசாவுக்குப் போன் செய்து சாயங்காலப் பூசையும் இல்லை என்று சொன்னபோது மறுமுனையில் கிடைத்த திட்டு தனக்கொடிக்கும் கேட்டது.

கடலூர் வரைக்கும் தனக்கொடி ரோட்டைப் பார்த்தாள், மெரின் முள்ளைப் பார்த்தாள். சிதம்பரம் தாண்டி ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, கால் மணி நேரம் ஆறவிட்டுத் திறந்து பார்த்தாள். ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சக் காற்றும் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஊற்றி நிரப்பினாள். அதற்கப்புறம்தான் இருவருக்கும் பசி தெரிந்தது. ஆயம்மா கட்டிக் கொடுத்த மீன் வறுவலை வண்டியிலேயே தின்றார்கள்.

காரைக்கால் மைதானத்தில் அவர்கள் நுழையும்போது ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. புதுச்சேரி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. தனக்கொடி கோட்டு ஓரத்துக்கே போய் நின்றாள். "எது அமுதா? ஆறாம் நம்பரா? ஏ, ஆறாம் நம்பரு!" என்று ஏலம் விடுகிற குரலில் அவள் கத்தியது எதிர்க்கோல் வரைக்கும் கேட்டிருக்கும். ஆறாம் நம்பர் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். பந்து அவள் காலுக்கடியில் புகுந்து போய்விட்டது. "பந்தப் பாருடி!" என்று தனக்கொடியே திட்டினாள்.

இரண்டாவது பாதியில், இருபத்தைந்து அடி தூரத்திலிருந்து அமுதவல்லி அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. தனக்கொடி பக்கத்தில் நின்ற ஒரு போலீஸ்காரரைக் கட்டிப்பிடித்துவிட்டு, பிறகு யாரென்று பார்த்து விலகினாள். மெரின் கூலன்ட் கேனைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். ஆனால் கடைசி ஐந்து நிமிஷத்தில் எதிரணி இன்னொரு கோல் போட்டது. இரண்டுக்கு ஒன்று. புதுச்சேரி தோற்றுவிட்டது.

அமுதவல்லி புல்லில் உட்கார்ந்து முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டாள். தனக்கொடி அவசரப்படவில்லை. கை குலுக்கல் எல்லாம் முடிந்து மகள் நடந்து வரும் வரைக்கும் கோட்டு ஓரத்திலேயே நின்றாள்.

"பஸ்ல வந்தியாம்மா?" என்றாள் அமுதவல்லி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

தனக்கொடி சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

மகள் சாவியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், பக்கத்தில் கறுப்பும் பச்சையுமாகக் கறை படிந்து நின்ற மெரினைப் பார்த்தாள். "நெசமாவா? கடலூரு, சிதம்பரம், எல்லாம் நீயா? இன்னாம்மா சொல்ற!" அழுத கண்ணோடு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு மற்ற பெண்களைக் கூப்பிட்டாள். "ஏய், எங்கம்மா கார் ஓட்டினு வந்திருக்குதுடி! பாண்டிலேர்ந்து!"

கோச்சிடம் சொல்லிவிட்டு அமுதவல்லி அணி வேனில் ஏறாமல் வந்துவிட்டாள். அவளோடு கோல்கீப்பர் பூர்ணிமாவும் இன்னொரு பெண்ணும். அமுதவல்லி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் மெரினை நடுவில் தள்ளி இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டார்கள். மீன் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தவர்கள், தரங்கம்பாடி வருவதற்குள் சரிவில் கார் இறங்கின கதையை இரண்டாவது தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

திருக்கடையூர் பக்கத்தில், வெளிச்சம் இன்னும் மிச்சமிருக்கும்போதே, முன்னால் கிளம்பிப் போயிருந்த அணி வேன் கண்ணில் பட்டது.

"ம்மா, நம்ம வேனு! முந்தும்மா!"

தனக்கொடி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். எதிரே பார்த்தாள். ரோடு காலியாக இருந்தது. இண்டிகேட்டரைப் போட்டு, கியரை மாற்றி, ஹாரனில் கை வைத்தாள். வேன் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. மூன்று பெண்களும் கழுத்து வெளியே போகும் அளவுக்கு ஜன்னலில் தொங்கிக் கத்த, கார் வேனைக் கடந்து முன்னால் போனது.